டிஸ்க் 100 சதவீதத்துலயே நிக்குது: ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணுமா?

(ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருக்கிறது எழுதினவரோட ஊர். அதையே பேரா வச்சுத்தான் கூப்பிட்டுக்கிறோம்.)

ஜூன் 17, 2025, இரவு 8.40 | மண்டபம்

மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு 15ஆம் தேதி கம்பெனியைத் திறந்தோம். ரெண்டு மாசம் மூடிக் கிடந்த கம்ப்யூட்டரை ஆன் பண்ணின நிமிஷத்துல இருந்து டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100%னு செவந்தே கிடக்கு. கணக்கு எழுதுற டேலி மென்பொருள் திறக்க ஆறு நிமிஷம். எடைச் சீட்டு அடிக்கக் கொடுத்தா லோடு வண்டிக்காரர் வாசல்ல காத்து நிக்கிறார். ஐ3 மூணாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. சி டிரைவ்ல 90 ஜிபி காலியா இருக்கு. இடம் இருக்கும்போது எப்படி 100 ஆகும்? ஒரு கடையில காட்டினோம். டிஸ்க் நிரம்பிடுச்சு, ஃபார்மேட் பண்ணணும்னாங்க. பண்ணலாமா?

ஜூன் 17, இரவு 9.25 | தொண்டி

பண்ணாதீங்க.

அந்த 100 இடத்தோட கணக்கு இல்லை, நேரத்தோட கணக்கு. டிஸ்க் எவ்வளவு நேரம் ஓய்வில்லாம வேலையில இருந்துச்சுங்கிறதைத்தான் அது சொல்லுது. இடம் தீர்ந்திருந்தா 'திஸ் பிசி'யைத் திறந்ததும் டிரைவுக்குக் கீழே இருக்கிற நீலப்பட்டை சிவப்பா மாறியிருக்கும். 90 ஜிபி காலின்னா அந்தப் பேச்சே இல்லை.

ஏலக்கூடத்துல தராசு ஒண்ணு, எடை போடுறவர் ஒருத்தர்னு வச்சுக்குங்க. ஒரே படகோட கூடை நூறு வரிசையா வந்தா சடசடன்னு போட்டுத் தள்ளிடுவார். பத்துப் படகுக்காரங்க ஆளுக்கு ஒரு கூடைன்னு அங்கிட்டும் இங்கிட்டும் கூப்பிட்டா நாள் பூரா நடப்பார், எடை சேர்ந்திருக்காது. சுத்துற ஹார்டு டிஸ்க்கும் அப்படித்தான். 7200 சுற்று டிஸ்க்குல தட்டு ஒரு சுத்து வர 8.3 மில்லிசெகண்ட். வேண்டிய இடம், டேட்டாவைப் படிக்கிற ஹெட்டுக்குக் கீழே வந்து சேர சராசரியா அதுல பாதி. ஹெட் இருக்கிற கை நகர இன்னொரு 8, 9. ஆக ஒரு துண்டு எடுக்க 13 மில்லிசெகண்ட், செகண்டுக்கு 75, 80 துண்டு. ஒரு துண்டு 4 கேபின்னா செகண்டுக்கு 300 கேபிதான். 0.3 எம்பி ஓடும்போதே 100% காட்டுறது இப்படித்தான். லேப்டாப்ல வர்ற 5400 சுற்று டிஸ்க்குக்கு 55, 60 துண்டுக்கு மேல முடியாது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல டிஸ்க் 0. ஆக்டிவ் டைம், ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம், ரீட் ரைட் வேகம், இந்த மூணும் வேணும். சும்மா இருக்கும்போது ஒரு தடவை, டேலி திறக்கும்போது ஒரு தடவை எழுதிப் போடுங்க. அதுவரைக்கும் எந்த சர்வீஸையும் நிறுத்தாதீங்க. வீடியோவுல சொல்ற பத்து வேலையையும் ஒரே நாள்ல செஞ்சா, எது தீர்த்துச்சுன்னும் தெரியாது, எது கெடுத்துச்சுன்னும் தெரியாது.

ஜூன் 18, காலை 10.05 | மண்டபம்

சும்மா இருக்கும்போது: 100%, 1,850 மில்லிசெகண்ட், 0.3 எம்பி.
டேலி திறக்கும்போது: 100%, 4,000க்கு மேல. நடுநடுவுல 0 கேபின்னு பத்துப் பதினஞ்சு செகண்ட் அப்படியே நிக்குது, மவுஸ் மட்டும் நகருது, அப்புறம் தானா ஓடுது.

ஜூன் 18, காலை 10.20 | தொண்டி

அந்த 0தான் சரியில்லை. வேலை கூடிப்போன டிஸ்க் மெதுவா ஓடும், நிக்காது. நின்னு நின்னு ஓடுதுன்னா விண்டோஸ் கேட்டதுக்கு டிஸ்க்கிட்ட இருந்து பதில் வரலை, காத்திருந்து மறுபடி கேட்குதுன்னு அர்த்தம். டிஸ்க் போயிக்கிட்டு இருக்கு. மாத்த ஏற்பாடு பண்ணுங்க.

அதுக்கு முன்னாடி, இன்னைக்கே, டேட்டாவை வெளியே எடுங்க. டேலியில கம்பெனி தேர்வு செய்ற திரையிலேயே டேட்டா ஃபோல்டரோட பாதை தெரியும். டேலியை மூடிட்டு அந்த ஃபோல்டரை முழுசா ரெண்டு பென்டிரைவ்ல காப்பி பண்ணுங்க. ஒண்ணு பத்தாது. அடுத்து டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டிஜிட்டல் கையெழுத்து வச்சிருந்தா அதோட ஃபைல். பிரவுசர்ல சேமிச்ச பாஸ்வேர்டை எல்லாரும் மறந்துடுறாங்க, அதையும் எடுத்துக்குங்க.

விண்டோஸோட டிஸ்க் சோதனைக் கட்டளை செக்டிஸ்க்கை ஸ்லாஷ் ஆர் போட்டு இப்ப ஓட்ட வேண்டாம். அது டிஸ்க்கோட ஒவ்வொரு இடத்தையும் படிச்சுப் பார்க்கும். 500 ஜிபிக்குப் பல மணி நேரம் ஆகும். சாகப்போற டிஸ்க்கா இருந்தா அந்த ஓட்டத்துலயே போயிடும்.

ஜூன் 18, மதியம் 1.10 | பாம்பன்

தொண்டி அண்ணே, டேட்டாவை எடுக்கச் சொன்னது சரி. ஆனா டிஸ்க் போச்சுன்னு இப்பவே தீர்ப்பு சொல்றது அவசரம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் அணைஞ்சு கிடந்த மெஷின். திறந்த அன்னைக்கே விண்டோஸ் அப்டேட், டிஃபென்டர் ஸ்கேன், சர்ச் இண்டெக்ஸ் மூணும் ஒண்ணா வந்து விழும். 4 ஜிபி ரேம்ல அதுவே 1,800 மில்லிசெகண்ட் காட்டும். ஒரு ராத்திரி முழுக்க ஸ்லீப் போகாம ஓடவிட்டுப் பார்க்கலாம்.

மண்டபம், ஸ்டார்ட் பட்டன்மேல ரைட் கிளிக், ஈவன்ட் வியூவர், விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம். வலது பக்கம் ஃபில்டர்ல 7, 51, 129, 153 இந்த நாலு எண்ணையும் கமா போட்டுக் கொடுங்க. 7 வந்தா டிஸ்க்குல படிக்க முடியாத இடம் இருக்கு. 51 பேஜிங் (ரேம்ல இருக்கிறதை டிஸ்க்குக்கும் திரும்பவும் மாத்துறது) நேரத்துல வந்த கோளாறு. 153 ஒரு வேலையை மறுபடி செய்ய வேண்டி வந்துச்சு. 129 டிஸ்க் பதிலே சொல்லாததால கன்ட்ரோலர் அதை ரீசெட் பண்ணிச்சு.

ஜூன் 18, மதியம் 1.30 | தொண்டி

ஓடவிடுறதுல தப்பில்லை, காப்பி எடுத்த பிறகு. கூடவே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டு, டிஸ்க் தன் நலத்தைத் தானே குறிச்சு வைக்கிற ஸ்மார்ட் எண்களையும் பாருங்க: 05, சி5, சி6, சி7. மேலே 'குட்'னு நீலத்துல காட்டுறதோட நிறுத்திடாதீங்க, கீழே வரிசையைப் படிக்கணும். அந்த மென்பொருள் எண்களை ஹெக்ஸ் (16 அடிப்படை) முறையில காட்டும். ஃபங்ஷன், அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ்ல 10 தேர்வு செஞ்சா நம்ம வழக்கமான எண்ணா மாறும்.

ஜூன் 19, காலை 9.15 | மண்டபம்

ரெண்டு பென்டிரைவ்லயும் காப்பி எடுத்தாச்சு. ராத்திரி பூரா ஓடவிட்டோம், காலையிலயும் அதே நிலைமை.
ஈவன்ட்: 129 முப்பதுக்கு மேல, 153 நிறைய. 7 இல்லை, 51 இல்லை. எல்லாமே ஜூன் 15க்கு அப்புறம்தான். ஏப்ரலுக்கு முன்னாடி ஒண்ணுகூட இல்லை.
ஸ்மார்ட்: 05 = 0. சி5 = 0. சி6 = 0. சி7 = 2எஃப்4.

ஜூன் 19, காலை 9.50 | தொண்டி

நேத்து நான் சொன்னதைத் திருத்திக்கிறேன். டிஸ்க் போகலை.

05, சி5, சி6 மூணும் தட்டோட நலம். மூணும் சுழி. ஈவன்ட் 7ம் இல்லை. சி7 மட்டும் 2எஃப்4, அதாவது 756. அது டிஸ்க்கோட உடம்பைப் பத்தின எண்ணே இல்லை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல டேட்டா போகும்போது எத்தனை தடவை கலைஞ்சு போச்சுங்கிற கணக்கு. கலைஞ்சதை மறுபடி அனுப்பணும், அதான் 153. அனுப்பியும் சேரலைன்னா ரீசெட், அதான் 129. நீங்க பார்த்த பத்துப் பதினஞ்சு செகண்ட் முடக்கம் அங்கேதான் போகுது. சாட்டா கேபிள், இல்லைன்னா அது சொருகுற இடம். கடலோரத்துல ரெண்டு மாசம் அணைஞ்சு கிடந்த மெஷின்னு முதல் வரியிலேயே எழுதியிருந்தீங்க. நான் அதைக் கவனிச்சிருக்கணும்.

உப்புத் துகளுக்கு ஒரு குணம் உண்டு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா தானாவே தண்ணியை இழுத்துக் கரையும். ஓடுற கம்ப்யூட்டர் உள்ளே சூடா இருக்கிறதால அந்த அளவுக்கு ஈரம் ஏறாது. அணைஞ்சு கிடந்தா ராத்திரிதோறும் உப்பு ஈரமாகும், பகல்ல காயும். சொருகுற இடத்துல இருக்கிற தங்கப் பூச்சு ரொம்ப மெல்லிசு. உப்புக் கரைசல் அதுல இருக்கிற நுண்துளை வழியா அடியில இருக்கிற உலோகத்தைத் தின்னும். நம்ம கரையில ஓடுற மெஷினைவிடச் சும்மா கிடக்கிற மெஷின் சீக்கிரம் கெடும்.

செய்ய வேண்டியது: ஷட்டவுன் பண்ணி, பவர் கார்டை உருவிட்டு, பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடிங்க. கேபினெட்டோட இடது பக்கத் தகட்டைக் கழட்டுங்க. டிஸ்க்குக்குப் பின்னால ரெண்டு சொருகல் இருக்கும், சின்னது டேட்டா, அகலமானது பவர். டேட்டா கேபிளை ரெண்டு முனையிலயும் உருவுங்க. உலோகக் கிளிப் இருந்தா அதை அழுத்திக்கிட்டே இழுக்கணும். போன் டார்ச்சை அடிச்சு டிஸ்க் பக்கத்துத் தகடுகளைப் பாருங்க. ஏழு தகடு. மின்னுதா, இல்லை புகை படிஞ்ச மாதிரி மங்கலா, பழுப்புப் புள்ளியோட இருக்கா? போட்டோ எடுத்துக்குங்க.

துடைக்கிறதுக்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மருந்துக் கடையில காயத்துக்குத் தர்ற ஸ்பிரிட்டுல தண்ணி கலந்திருக்கும், வேண்டாம். நூல் பிரியாத துணி, ஒரே திசையில ரெண்டு இழுப்பு, இருபது நிமிஷம் காயவிடணும். உப்புத்தாள், பிளேடு எதுவும் படக்கூடாது, பூச்சு போயிடும். கேபிள் மட்டும் புதுசு, கிளிப் வச்சதா வாங்குங்க. பழசைத் துடைச்சுப் போட்டா மறுபடி இதே இடத்துக்குத்தான் வருவீங்க. போர்டுல முன்னே சொருகியிருந்த இடத்தை விட்டுட்டு வேற சாட்டா சொருகலுக்கு மாத்துங்க.

ஜூன் 19, காலை 11.30 | பாம்பன்

இங்க காத்தைப் பத்தித் தெரியாதவங்களுக்காக ஒண்ணு. இந்த வருஷம் ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்கு அரிப்பைத் தடுக்கன்னே பாலிசிலாக்சேன் பூச்சு அடிச்சிருக்காங்க. அந்தக் காத்துதான் நம்ம கேபினெட்டுக்குள்ளேயும் போகுது. கச்சான் காத்து வீசுற மாசத்துல பொடி மணலும் சேர்ந்து வரும்.

ரேமையும் கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க. அதுலயும் மங்கல் இருக்கும். வெள்ளை ரப்பரால தேய்க்கிற பழக்கம் எல்லார்கிட்டயும் இருக்கு. அதுவும் பூச்சைக் கொஞ்சம் எடுக்கும். ஆல்கஹாலே போதும்.

ஜூன் 20, மாலை 6.45 | மண்டபம்

தகடுல மூணு மங்கல், ஒண்ணுல பழுப்புப் புள்ளி. பக்கத்து ஸ்குரூ தலையில பச்சையா மாவு மாதிரி. துடைச்சோம், புது கேபிள் போட்டோம், வேற சொருகலுக்கு மாத்தினோம். இப்ப ரெஸ்பான்ஸ் 35, 40. முடக்கம் இல்லை. ஆனா ஆன் பண்ணின முதல் இருபது நிமிஷம் இன்னும் 100%ல நிக்குது, அப்புறம் இறங்குது. சி7 756தான் காட்டுது, குறையலையே?

ஜூன் 20, இரவு 7.20 | தொண்டி

சி7 குறையாது, அது வாழ்நாள் கணக்கு. ஒரு தாள்ல "756, ஜூன் 20"னு எழுதி கேபினெட்டுக்குள்ள ஒட்டிடுங்க. ஏறாம இருக்கான்னுதான் பார்க்கணும்.

இனி அந்த இருபது நிமிஷம். இது வேற வியாதி. அப்டேட், ஸ்கேன், இண்டெக்ஸ்னு பாம்பன் முந்தாநாள் சொன்னது இங்கதான் பொருந்துது. விண்டோஸ் சாவியையும் ஆரையும் சேர்த்து அழுத்தி, வர்ற பெட்டியில ரெஸ்மான்னு ஆங்கிலத்துல அடிங்க. எழுத்து ஆர், இ, எஸ், எம், ஓ, என். டிஸ்க் பக்கத்துக்குப் போய் டிஸ்க் ஆக்டிவிட்டியில 'டோட்டல்' தலைப்பைக் கிளிக் பண்ணினா அதிகமா இழுக்கிறது மேலே வரும். ஃபைல் பேரையும் சேர்த்துப் படிங்க. பேஜ்ஃபைல் டாட் சிஸ் மேலே நின்னா குறை ரேம்ல. டைவொர்க்கர் நின்னா அப்டேட், முடியட்டும்னு விடுங்க. எம்எஸ்எம்பிஇங் நின்னா டிஃபென்டர். சர்ச்இண்டெக்ஸர் நின்னா தேடல் பட்டியல்.

ஜூன் 21, காலை 9.40 | மண்டபம்

பேஜ்ஃபைல் முதல், எம்எஸ்எம்பிஇங் ரெண்டாவது, சர்ச்இண்டெக்ஸர் மூணாவது. 'சிஸ்மெயின்'னும் நடுவுல வருது. பேஜ் ஃபைலையே நிறுத்திட்டா சரியாகும்னு ஒருத்தர் சொன்னார்.

ஜூன் 21, காலை 10.15 | தொண்டி

நிறுத்தவே கூடாது. 4 ஜிபி ரேம்ல டேலியும் குரோம் நாலு டேபும் திறந்தா ரேம் பத்தாது, மிச்சத்தை டிஸ்க்குல எழுதி வைக்கிற இடம்தான் பேஜ் ஃபைல். அதை எடுத்தா புரோகிராம் பாதியில மூடிக்கும், போட்ட பில் போகும். ரேம் ஏத்துறதுதான் வைத்தியம். டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துல எத்தனை சொருகல், எத்தனை நிரம்பியிருக்குன்னு எழுதியிருக்கும். மூணாம் தலைமுறை ஐ3க்கு டிடிஆர்3, டெஸ்க்டாப் அளவு, 240 பின். டிடிஆர்4 வாங்கிட்டு வந்தா வெட்டு இடம் மாறியிருக்கும், உட்காராது. அழுத்தி உட்கார வைக்கப் பார்க்காதீங்க.

சிஸ்மெயின் நீங்க அடிக்கடி திறக்கிறதை முன்கூட்டியே ரேம்ல ஏத்தி வைக்கும். பழைய பேர் சூப்பர்ஃபெட்ச். ரேம் தாராளமா இருந்தா நல்லது. 4 ஜிபியும் சுத்துற டிஸ்க்கும் சேர்ந்த இடத்துல காலையில அதுவே பாரம். சர்வீசஸைத் திறந்து சிஸ்மெயினை ரெட்டைக் கிளிக், ஸ்டாப், ஸ்டார்ட்டப் டைப் டிசேபிள்டு. ரெண்டு நாள் பாருங்க. வித்தியாசம் இல்லைன்னா பழையபடி ஆட்டோமேட்டிக்.

சர்ச் இண்டெக்ஸை அடியோட நிறுத்த வேண்டாம். கன்ட்ரோல் பேனல்ல இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ், மாடிஃபை, அதுல யூசர்ஸ் ஃபோல்டரோட டிக்கை எடுத்துட்டு ஸ்டார்ட் மெனுவை மட்டும் விடுங்க. டிஃபென்டரையும் நிறுத்தாதீங்க. வேற ஆன்டிவைரஸ் காலாவதியாகி உள்ளே கிடந்தா அதை முழுசா எடுங்க. ஒரே ஃபைலை ரெண்டு காவல்காரங்க மாத்தி மாத்திப் பிரிச்சுப் பார்க்கிறது நிறைய இடத்துல நடக்குது.

இதெல்லாம் தற்காலிகம். நிரந்தரத் தீர்வு, சுத்துற தட்டே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க்.

ஜூன் 21, மதியம் 3.00 | கீழக்கரை

தொண்டி காக்கா, எனக்கு எஸ்எஸ்டியே இருக்கு, அப்பவும் 100%. துபாய்ல வாங்கின லேப்டாப், 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, ரேம் 8. ரீட் ரைட் 0, ஆக்டிவ் டைம் 100, ஒரு நிமிஷம் நிக்குது. ஸ்மார்ட் எல்லாம் சுத்தம், சி7 சுழி. 40 ஜிபி காலியா இருக்கு.

ஜூன் 21, மாலை 5.30 | தொண்டி

சி7 சுழின்னா கேபிள் இல்லை. இது மைக்ரோசாஃப்டே ஒத்துக்கிட்ட ஒரு கோளாறா இருக்கலாம்: சாட்டா டிஸ்க்கை நடத்துற சில ஏஎச்சிஐ கன்ட்ரோலரோட ஃபர்ம்வேர், விண்டோஸ் கூடவே வர்ற ஸ்டோர்ஏஎச்சிஐ டிரைவரோட எம்எஸ்ஐ முறையில (வேலை முடிஞ்சதைச் செய்தியா சொல்ற முறை) சரியா ஒத்துப்போகாது. கேட்டது முடிஞ்சுதுன்னு கன்ட்ரோலர் சொல்லாமலே விட்டுடும், விண்டோஸ் காத்துக்கிட்டே இருக்கும்.

டிவைஸ் மேனேஜர், ஐடிஇ ஏடிஏ கன்ட்ரோலர்ஸ், ஸ்டாண்டர்டு சாட்டா ஏஎச்சிஐ கன்ட்ரோலர். டிரைவர் பக்கத்துல டிரைவர் டீடெய்ல்ஸ் பாருங்க. ஸ்டோர்ஏஎச்சிஐ டாட் சிஸ் இருந்தா மட்டும் மேலே போங்க. வேற பேர் இருந்தா லேப்டாப் கம்பெனி தளத்துல புது டிரைவர் இருக்கான்னு தேடுங்க, ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸோட பதிவேடு) தொடாதீங்க.

இருந்தா டீடெய்ல்ஸ் பக்கத்துல 'டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத்'தைக் குறிச்சுக்குங்க. ரெஜிஸ்ட்ரி எடிட்டர்ல லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், அதுக்குள்ள இ-என்-யு-எம், பிசிஐ. குறிச்ச பாதையைப் பிடிச்சுப் போனா டிவைஸ் பராமீட்டர்ஸ், இன்டரப்ட் மேனேஜ்மென்ட், மெசேஜ் சிக்னல்டு இன்டரப்ட் பிராபர்டீஸ் வரும். மாத்துறதுக்கு முன்னாடி அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க. எம்எஸ்ஐசப்போர்ட்டட் 1ன்னு இருக்கும், 0 ஆக்குங்க, ரீஸ்டார்ட். ஷட்டவுன் பண்ணி ஆன் பண்றது இங்க உதவாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தா அது முழு அணைப்பு இல்லை.

ஜூன் 22, காலை 8.30 | கீழக்கரை

ஸ்டோர்ஏஎச்சிஐதான் இருந்துச்சு. 0 ஆக்கி ரீஸ்டார்ட் பண்ணினேன். நேத்து ராத்திரியில இருந்து ஒரு தடவைகூட நிக்கலை.

என் மச்சான் கொண்டு வந்த சின்ன லேப்டாப் ஒண்ணு இருக்கு, 32 ஜிபி ஈஎம்எம்சி. அதுக்கு எஸ்எஸ்டி மாத்தலாமா?

ஜூன் 22, காலை 9.00 | தொண்டி

ஈஎம்எம்சி போர்டோட சேர்த்து சால்டர் பண்ணினது, கழட்ட முடியாது. சில மாடல்ல எஸ்எஸ்டி சொருகுற எம்.2 சொருகல் தனியா இருக்கும். பின்மூடியைத் திறந்து பார்த்துட்டு வாங்குங்க, முன்கூட்டி வாங்காதீங்க. விண்டோஸ் 11க்குக் குறைஞ்சபட்சமே 64 ஜிபி வேணும்.

ஜூன் 24, இரவு 9.10 | ராமேஸ்வரம்

லாட்ஜ் முன்மேசை கம்ப்யூட்டர். நாலு கேமரா அதுலதான் பதிவாகுது. டிஸ்க் எப்பவும் 100. ரூம் பில் போட முடியலை. நீங்க சொன்ன எல்லாத்தையும் பார்த்தாச்சு, எல்லாம் சரியா இருக்கு.

ஜூன் 24, இரவு 9.35 | பாம்பன்

எல்லாம் சரியா இருக்குன்னா கேமராதான் காரணம். கேமரா ஒண்ணுக்கு செகண்டுக்கு 2 மெகாபிட்னு வச்சா நாலுக்கு 8 மெகாபிட், அதாவது 1 எம்பி. நாளைக்கு 86,400 செகண்ட், 86 ஜிபி. ஒரு எம்பிதானேன்னு தோணும். ஆனா நாலு கேமராவும் நாலு ஃபைல்ல மாத்தி மாத்தி எழுதுது, நிரம்பினதும் பழசை அழிக்குது, நடுவுல விண்டோஸும் அதே ஹெட்டைக் கூப்பிடுது. தொண்டி அண்ணே சொன்ன தராசுக் கணக்குதான். பதிவுக்குத் தனி டிஸ்க் போடுங்க, கண்காணிப்புக்குன்னே விற்கிற வகை. சி டிரைவ்ல விண்டோஸும் பில்லும் மட்டும் இருக்கட்டும். கேமரா எட்டுக்கு மேல போகும்னா தனி ரெக்கார்டர் பெட்டியே வாங்கிடுங்க.

ஜூலை 2, மாலை 4.20 | மண்டபம்

எஸ்எஸ்டி வாங்கப் போறோம். எம்.2 வாங்கலாமா, 2.5 இன்ச்சா? விண்டோஸைப் புதுசா போடணுமா?

ஜூலை 2, இரவு 8.00 | தொண்டி

மூணாம் தலைமுறை போர்டுல எம்.2 சொருகல் இருக்காது. 2.5 இன்ச் சாட்டா வாங்குங்க.

உங்க டிஸ்க் நல்லா இருக்கிறதால முழுசா நகலெடுத்து அப்படியே குளோன் பண்ணலாம். சி5 ஏறின டிஸ்க்கா இருந்தா குளோன் வேண்டாம், புது விண்டோஸ்தான். குளோன்சில்லா இலவசம். புதுசு பழசைவிடச் சின்னதுன்னா முதல்ல பழசுல சி டிரைவைச் சுருக்கணும். குளோன் முடிஞ்சு முதல் தடவை பூட் பண்ணும்போது பழைய டிஸ்க்கோட கேபிளை உருவி வைங்க. ரெண்டும் மாட்டியிருந்தா விண்டோஸ் குழம்பும்.

விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற பயாஸ் அமைப்புல சாட்டா மோட் ஏஎச்சிஐயான்னு பாருங்க. ஐடிஇன்னு இருந்தா உடனே மாத்திடாதீங்க, நீலத்திரைதான் வரும். முதல்ல எம்எஸ்கான்ஃபிக்ல பூட், சேஃப் பூட் டிக் வைங்க, ரீஸ்டார்ட் பண்ணி பயாஸ்ல ஏஎச்சிஐக்கு மாத்துங்க, சேஃப் மோட்ல ஒரு தடவை உள்ளே வரட்டும், டிக்கை எடுத்துட்டு மறுபடி ரீஸ்டார்ட்.

எஸ்எஸ்டியை 85 சதவீதத்துக்கு மேல நிரப்பாதீங்க. மலிவு வகையில வேகமா எழுதுறதுக்குன்னு விடுற இடமே காலி இடத்துல இருந்துதான் வருது. அது தீர்ந்தா பெரிய காப்பியின்போது எஸ்எஸ்டியும் 100%ல போய் நிக்கும். டிஃப்ராக் (சிதறின ஃபைலை ஒண்ணு சேர்க்கிறது) வேண்டாம், ட்ரிம் (அழிச்ச இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரியப்படுத்துறது) போதும், அதை விண்டோஸே வாரம் ஒரு தடவை செஞ்சுக்கும்.

யூபிஎஸ் பேட்டரியையும் சோதிங்க. கரன்ட் கண் சிமிட்டினா மெஷின் ரீஸ்டார்ட் ஆகுதுன்னா யூபிஎஸ் பேருக்குத்தான் இருக்கு. எழுதுற நேரத்துல கரன்ட் போறது எஸ்எஸ்டிக்கும் கெடுதல்.

ஜூலை 9, காலை 11.00 | மண்டபம்

240 ஜிபி எஸ்எஸ்டி, ரேம் 8 ஆக்கியாச்சு. டேலி ஒன்பது செகண்ட்ல திறக்குது. சிஸ்மெயினைத் திரும்ப ஆட்டோமேட்டிக்ல வச்சுட்டேன். பழைய டிஸ்க் அதே கேபினெட்ல பேக்கப்புக்கு. அடுத்த தடைக்காலத்துக்கு என்ன பண்றது?

ஜூலை 9, மதியம் 12.15 | தொண்டி

வாரம் ஒரு நாள் யாராவது வந்து ரெண்டு மணி நேரம் ஆன் பண்ணி வைக்கணும். உள்ளே இருக்கிற ஈரம் சூட்டுல போகும், அப்டேட்டும் சேராம முடிஞ்சிடும். ரெண்டு வேலையும் ஒண்ணாகும். தரையில வைக்காம ஒரு அடி உசரத்துல, கடல் பார்த்த ஜன்னலை விட்டுத் தள்ளி. பாலிதீன் உறை போட்டு மூடாதீங்க. சூடா இருக்கும்போது மூடினா உள்ளேயே வேர்த்துக் கிடக்கும். பருத்தித் துணி, அதுவும் ஆறின பிறகு.

அக்டோபர் 11, 2025, காலை 10.30 | பாம்பன்

14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடியுது. மண்டபத்து ஐ3 மூணாம் தலைமுறை, விண்டோஸ் 11 பட்டியல்ல வராது. இன்டெல்ல எட்டாம் தலைமுறையில இருந்துதான். பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கிற வழி இருக்கு. செட்டிங்ஸ்ல அப்டேட் பக்கத்துல 'என்ரோல்'னு வந்தா சேர்ந்துடுங்க. குறுக்கு வழியில 11ஐ ஏத்துறவங்க இருக்காங்க. பில் போடுற மெஷின்ல அதைச் செய்ய வேண்டாம்.

நவம்பர் 22, 2025, மாலை 5.50 | மண்டபம்

சேர்ந்தாச்சு. வாடைக்காத்து பிடிச்சு மூணு வாரம், சுவரெல்லாம் ஈரம். இன்னைக்குத் திறந்து பார்த்தேன். தகடு மின்னுது. பழைய டிஸ்க்குல ஈவன்ட் 129 இல்லை, 153 இல்லை. சி7 இன்னும் 756.

நவம்பர் 22, மாலை 6.10 | தொண்டி

தாள்ல இன்னைக்குத் தேதியையும் போட்டுடுங்க. பாலிதீன் உறையை எடுத்தாச்சா?

நவம்பர் 22, மாலை 6.15 | மண்டபம்

எடுத்தாச்சு அண்ணே. பழைய வேட்டித் துணி போட்டிருக்கோம்.